கணினிக் கேள்வி பதில்: கிளாஸ்ரூமிலிருந்து ஒரு வாய்க்கால்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. 2020 ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில் தொடங்கிய கூகிள் கிளாஸ்ரூம் வகுப்புகளில் சில, வன்னியில் இன்றும் மாலை வகுப்புகளாகத் தொடர்கின்றன. அங்கே சேரும் ஒப்படை விவரங்களையும் புள்ளிகளையும் கையால் எழுதாமல், ஏபிஐ வழியாகத் தாமாகவே ஓர் அட்டவணைக்கு வந்து சேரும்படி செய்ய முடியுமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் ஒழுங்கான முறையில் தகவலைக் கேட்டுப் பெறுகிற வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். கிளாஸ்ரூம் 2014 இல் வெளிவந்தது; அதன் ஏபிஐ 2015 இல் திறக்கப்பட்டது.

தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒழுங்காக ஓடுவதற்கு அமைக்கும் வழியை டேட்டா பைப்லைன் என்கிறார்கள். அதைத் 'தரவுக் குழாய்வழி' என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அந்தச் சொல்லில் ஒரு குறை தெரிகிறது. நிலத்தடிக் குழாய் அடைபட்டால் வெளியே தெரியாது; வாய்க்கால் உடைத்தால் வரம்பில் நடந்து போகிறவருக்கே தெரிந்துவிடும். நாம் அமைக்கவேண்டியதும் நடந்து பார்த்தால் உடைப்புத் தெரிகிற ஒன்றுதான் என்பதால், இப்பகுதி முழுவதும் வாய்க்கால் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் ஆகிய இடங்களில் தரம் 10, 11 மாணவர்களுக்கு இலவச மாலை வகுப்பு நடத்துகிறோம். மொத்தம் 12 கிளாஸ்ரூம் வகுப்புகள் உள்ளன. எல்லாம் சாதாரண ஜிமெயில் கணக்குகளில் உருவாக்கியவை. யார் ஒப்படை தந்தார், யார் தரவில்லை என்பதைச் சேர்க்க நான் பைதானில் ஒரு நிரல் எழுதினேன். அது ஒரு கிழமை ஒழுங்காக ஓடுகிறது; பிறகு 'இன்வாலிட் கிராண்ட்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. மீண்டும் உள்நுழைந்தால் இன்னொரு கிழமை ஓடுகிறது. நிரலில் எங்கே பிழை ஐயா?
(ஒரு தொண்டர் ஆசிரியர், மல்லாவி)

பதில்: நிரலில் பிழை இல்லை, தம்பி. கூகிள் கிளவுட் பணிமேடையில் உங்கள் செயலியைப் பதிவுசெய்தபோது, அதன் பயனர் வகையை 'எக்ஸ்டேர்னல்' என்று தெரிவுசெய்து, நிலையை 'டெஸ்ட்டிங்' என்றே விட்டிருப்பீர்கள். அந்த நிலையில் உள்ள ஒரு செயலி கிளாஸ்ரூம் போன்ற தகவல்களுக்கு அனுமதி கேட்டால், அதற்கு வழங்கப்படும் புதுப்பிப்பு டோக்கன் (டோக்கன் என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக நிரல் காட்டும் அனுமதிச் சீட்டு) 7 நாட்களில் காலாவதியாகும். உங்கள் நிரல் கிழமைக்கொரு முறை நிற்பதற்குக் காரணம் அதுவே.

இரண்டு டோக்கன்கள் உள்ளன என்பதை இங்கே விளக்கிவிடுகிறேன், ஏனெனில் இதே குழப்பத்தை வேறு மூன்று கடிதங்களிலும் கண்டேன். ஆசிரியர் ஒருவர் தமது கணக்கில் உள்நுழைந்து 'அனுமதிக்கிறேன்' என்று அழுத்தும்போது, ஓஆத் 2.0 என்ற முறையின்படி உங்கள் நிரலுக்கு அணுகல் டோக்கன் ஒன்று கிடைக்கிறது. அதன் ஆயுள் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் நிரல் ஓடவேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே கேட்டிருந்தால், அதாவது அனுமதிக் கோரிக்கையில் அணுகல் வகையை 'ஓஃப்லைன்' என்று குறித்திருந்தால், புதுப்பிப்பு டோக்கன் ஒன்றும் சேர்ந்து வரும். அதைக் காட்டித்தான் நிரல் ஒவ்வொரு இரவும் புதிய அணுகல் டோக்கனைப் பெற்றுக்கொள்கிறது. புதுப்பிப்பு டோக்கன் பொதுவாக முதல் தடவை அனுமதி தரும்போது மட்டுமே கையளிக்கப்படும். அதைச் சேமிக்கத் தவறிவிட்டு 'எனக்கு அது வரவேயில்லை' என்று எழுதியிருப்பவர்கள், அனுமதிப் பக்கத்தை மீண்டும் காட்டும்படி கேட்டு இன்னொரு முறை உள்நுழைய வேண்டும். ஆறு மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டாலும் அது செல்லாமற் போகும். ஆகவே நீண்ட விடுமுறைக் காலத்திலும் நிரலைக் கிழமைக்கொரு தடவையாவது ஓடவிடுங்கள்.

உங்கள் சிக்கலுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, செயலியின் நிலையை 'இன் புரொடக்ஷன்' என்று மாற்றுவது. அப்படி மாற்றியபின் உள்நுழைபவருக்கு, 'இந்தச் செயலியைக் கூகிள் சரிபார்க்கவில்லை' என்ற எச்சரிக்கை தோன்றும்; சரிபார்க்கப்படாத செயலிக்கு 100 பயனர் என்ற வரம்பும் உண்டு. உங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு அந்த வரம்பு ஒரு தடையல்ல. ஆனால் நிலையை மாற்றியதோடு பழைய டோக்கன் நீடித்துவிடாது. மாற்றிய பிறகு ஒரு தடவை புதிதாக உள்நுழைந்தே ஆகவேண்டும். இதைச் செய்யாமல் எட்டாம் நாள் மீண்டும் ஏமாந்தவர்களை நான் அறிவேன், அவர்களுள் நானும் ஒருவன். இரண்டாவது வழி, நீங்கள் பதிவுசெய்யப்பட்ட கல்வி நிறுவனமாக இருந்தால் கூகிள் வேர்க்ஸ்பேஸ் ஃபோர் எடியுகேஷன் சேவையின் இலவசப் பதிப்புக்கு விண்ணப்பிப்பது. அங்கே செயலியை 'இன்டேர்னல்' என்று வைத்துக்கொண்டால் இந்த 7 நாள் தொல்லை இல்லை. நிர்வாகி விரும்பினால், ஆசிரியர் ஒவ்வொருவரும் தனித்தனியே உள்நுழையத் தேவையில்லாதபடி ஒரு சேவைக் கணக்குக்கு (ஆளுக்கன்றி நிரலுக்கென்றே திறக்கும் கணக்கு) முழு அமைப்பு சார்பாகவும் அனுமதி வழங்கலாம். சாதாரண ஜிமெயில் கணக்குகளில் அந்த வசதி கிடையாது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியுள்ளது. 12 வகுப்புகளுக்கும் உரிய ஆசிரியர்களிடம் தனித்தனியே அனுமதி வாங்கி, அவர்களின் டோக்கன்களையெல்லாம் ஒரே மடிக்கணினியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குளத்துத் துருசின் சாவியைப் பன்னிரண்டாகச் செய்து ஒரே கொடியில் கோத்து வைப்பதற்கு ஒப்பானது இது. அதற்குப் பதிலாக இந்த வேலைக்கென்றே ஒரு பொதுக் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு வகுப்பிலும் அதை இணை ஆசிரியராகச் சேர்த்துக்கொள்ளும்படி ஆசிரியர்களைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் 20 ஆசிரியர் வரை இருக்கலாம். இணை ஆசிரியர் ஒப்படைகளையும் புள்ளிகளையும் பார்க்கலாம், ஆனால் வகுப்பையே அழிக்கும் உரிமை முதன்மை ஆசிரியருக்கு மட்டுமே உண்டு. அதன்பின் உங்களுக்கு ஒரே ஓர் உள்நுழைவு போதும். இடையில் ஒருவர் குழுவை விட்டு விலகினாலும் வாய்க்கால் உடையாது.

அனுமதி கேட்கும்போது 'வாசிக்க மட்டும்' என்ற வகையையே கேளுங்கள். வகுப்புப் பட்டியல், மாணவர் பட்டியல், ஒப்படைகளும் அவற்றுக்கு மாணவர்கள் தரும் ஒப்படைப்புகளும் ஆகிய மூன்றுக்கும் அப்படிப்பட்ட தனித்தனி அனுமதிகள் உள்ளன. உங்கள் நிரல் எதையும் எழுதப் போவதில்லை என்னும்போது எழுதும் அனுமதியை வைத்திருப்பது வீண் ஆபத்து. இன்னொன்று: அனுமதிப் பக்கத்தில் இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. ஒருவர் அவசரத்தில் ஒரு கட்டத்தைத் தெரிவுசெய்யாமல் விட்டால் உள்நுழைவு வெற்றியாகவே முடியும். ஆனால் பின்னர் அந்தத் தகவலைக் கேட்கும்போது 403 என்ற மறுப்பு வரும். 403 வந்தால் நிரலைத் திரும்பத் திரும்பக் கேட்கவிடாதீர்கள். அது அனுமதிச் சிக்கல், நூறு முறை கேட்டாலும் தீராது. 429 வந்தால் அதன் பொருள் வேறு, உங்கள் முறைக்கு மேலாகத் தண்ணீர் எடுத்துவிட்டீர்கள், அதாவது குறுகிய நேரத்தில் அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டீர்கள் என்பதே அது. அப்போது ஒரு செக்கன், இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டு மீண்டும் கேட்கலாம்.

கேள்வி: எனது வகுப்பில் 43 மாணவர்கள் உள்ளனர். ஏபிஐ வழியாகப் பட்டியலை எடுத்தால் 30 பேர் மட்டுமே வருகிறார்கள். மிகுதி 13 பேரும் ஏன் மறைந்தார்கள்?
(ஆசிரியை, விசுவமடு)

பதில்: யாரும் மறையவில்லை. மாணவர் பட்டியல் பக்கம் பக்கமாக வருகிறது. எத்தனை பேர் வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 30 பேர். பதிலின் இறுதியில் 'நெக்ஸ்ட் பேஜ் டோக்கன்' என்ற பெயரில் ஓர் எழுத்துத் தொடர் இருக்கும். அதை அடுத்த கோரிக்கையில் இணைத்து அனுப்பினால் அடுத்த பக்கம் வரும். அந்தத் தொடர் வராமற் போகும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மாணவர் பட்டியலுக்கு மட்டுமல்லாமல் வகுப்புகள், ஒப்படைகள் ஆகிய எல்லாப் பட்டியல்களுக்கும் இதே சுழற்சியை எழுதுங்கள். 28 பேர் உள்ள வகுப்பில் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவுசெய்வதால்தான் இந்தப் பிழை பல நாள் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: ஒப்படைக்குக் கடைசி நேரம் காலை 6 மணி என்று வைத்தேன். அட்டவணையில் அது நள்ளிரவு கடந்து 30 நிமிடம் என்று வருகிறது. காலை 4 மணி என்று வைத்த இன்னொன்றில் திகதியே ஒருநாள் பின்னோக்கிப் போய்விட்டது. சில ஒப்படைகளில் நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது.
(ஆசிரியர், நெடுங்கேணி)

பதில்: கிளாஸ்ரூம் ஏபிஐ கடைசித் திகதியையும் நேரத்தையும் உலகப் பொது நேரமான யூடிசியில் தருகிறது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. எனவே நமது காலை 6 மணி அங்கே 00:30. நமது காலை 4 மணி அங்கே முந்திய நாளின் 22:30. திகதி ஒருநாள் பின்னோக்கிப் போனதற்குக் காரணம் இதுதான். இரவு 11:59 என்று வைத்தால் 18:29 என்று வரும், திகதி மாறாது. ஆகவே நள்ளிரவைக் கடைசி நேரமாக வைக்கும் ஆசிரியர்கள் இந்தப் பிழையை நெடுநாள் கவனிப்பதில்லை.

நிரல் நிற்பதற்குக் காரணம் வேறு. திகதி ஒரு பொருளாகவும், மணியும் நிமிடமும் இன்னொரு பொருளாகவும் வருகின்றன. மதிப்பு பூச்சியமாக இருந்தால் அந்தப் புலமே, அதாவது பதிலில் அதற்குரிய பகுதியே, அனுப்பப்படுவதில்லை. காலை 6 மணி ஒப்படையில் நிமிடம் 30 என்று மட்டும் இருக்கும், மணி என்ற புலம் இருக்காது. காலை ஐந்தரை என்று வைத்தால் இரண்டுமே இருக்காது. உங்கள் நிரல் 'மணி எங்கே' என்று தேடிக் காணாமல் நின்றுவிடுகிறது. இல்லாத புலத்தைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டு, திகதியையும் நேரத்தையும் முதலில் ஒன்றாக இணைத்து, அதன்பிறகே நமது நேரத்துக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போது ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டாமல், பைதானில் உள்ள 'ஏசியா/கொழும்பு' என்ற நேர வலயத்தைப் பயன்படுத்துங்கள். ஏன் என்பதை வன்னியில் வளர்ந்த நடுவயதினருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரம் யூடிசிக்கு ஆறரை மணித்தியாலம் முந்தியதாக மாற்றப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அந்தப் பத்து ஆண்டுகளும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. இரு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையில் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தையைக் கடப்பவர் கைக்கடிகாரத்தையும் திருப்பவேண்டியிருந்த காலம் அது. கணினிகளில் உள்ள நேர வலயக் கோப்பு இந்த மாற்றங்களையெல்லாம் அறிந்தே வைத்திருக்கிறது, ஆனால் கொழும்பின் கடிகாரப்படி. வன்னியின் கடிகாரம் அதில் இல்லை. இன்றைய ஒப்படைகளுக்கு அது தேவைப்படாது என்றாலும், பழைய பாடசாலைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற விரும்புபவர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சேமிக்கும்போது நேரங்களை யூடிசியிலேயே சேமித்து, ஆசிரியருக்குக் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். நிரல் இரவில் ஓடவேண்டிய நேரத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள்: வீட்டு மடிக்கணினி நமது நேரத்தில் இருக்கும், ஆனால் வாடகைக்கு எடுத்த சேவையகம் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும்.

கேள்வி: எனது செயற்றிட்டத்துக்காக ஒரு கல்வி நிலையத்தின் கிளாஸ்ரூம் தகவலைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குக் கொண்டுவருகிறேன். இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஒவ்வொரு இரவும் எல்லாவற்றையும் மீண்டும் எடுக்கவேண்டியுள்ளது. மாறியவற்றை மட்டும் எடுக்க வழி உண்டா? மற்றையது, 'ஒப்படைத்தவர் வீதம்' என்று நான் கணக்கிட்டது ஆசிரியர்களின் பதிவோடு பொருந்தவில்லை.
(பல்கலைக்கழக மாணவி, அறிவியல் நகர், கிளிநொச்சி)

பதில்: முதற் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஒப்படைப்புகளில், 'இந்த நேரத்துக்குப் பின் மாறியவை மட்டும்' என்று கேட்கும் வடிகட்டி இல்லை. நிலை என்ன, பிந்தியதா, எந்த மாணவர் என்பவற்றைக் கொண்டு வடிகட்டலாம், அவ்வளவே. ஆகவே எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள 'அப்டேட் டைம்' புலத்தை உங்களிடம் ஏற்கெனவே உள்ளதோடு ஒப்பிடுவதே நடைமுறை. இதைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. பலர் ஒவ்வோர் ஒப்படைக்கும் தனித்தனியே ஒப்படைப்புகளைக் கேட்கிறார்கள். 12 வகுப்புகள், வகுப்புக்கு 25 ஒப்படை என்றால் அது 300 கோரிக்கைகள். ஒப்படையின் அடையாள எண் வரவேண்டிய இடத்தில் ஒரு சிறு கோட்டுக் குறியை மட்டும் இட்டால், அந்த வகுப்பின் எல்லா ஒப்படைப்புகளும் ஒரே தொடராகப் பக்கம் பக்கமாக வரும். கோரிக்கைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். கவரேஜ் ஒற்றைக் கோட்டில் நிற்கும் இடங்களில் இந்த வேறுபாடு பெரிது.

மாற்றம் நடந்தவுடன் அறிவிக்கும் வசதியும் ஏபிஐயில் உண்டு. கூகிளின் பப்சப் என்ற செய்திச் சேவையில் பதிவுசெய்துகொண்டால், வகுப்புப் பட்டியல் மாறும்போதோ ஒப்படைகள் மாறும்போதோ செய்தி வரும். ஆனால் அந்தப் பதிவின் ஆயுள் ஒரு கிழமை, அதன் பின் மீண்டும் புதுப்பிக்கவேண்டும். இரவுக்கொரு முறை அட்டவணை கிடைத்தால் போதும் என்ற வேலைக்கு இதைப் பூட்டுவது தேவையில்லாத சுமை. செயற்றிட்டத்துக்கு மேலதிகப் புள்ளி கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது வேறு விடயம்.

தரவுத்தளத்தில் ஏற்றும்போது 'இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் சேர்' என்ற முறையில் ஏற்றுங்கள். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தளங்கள் இரண்டிலும் 'ஓன் கொன்ஃபிளிக்ட்' என்ற கட்டளை இதற்காகவே உள்ளது. அப்படி எழுதிய நிரலை ஓர் இரவில் மூன்று தடவை ஓட்டினாலும் அட்டவணை ஒன்றாகவே இருக்கும். பாதியில் மின்சாரம் போனாலும், வந்த பிறகு முதலிலிருந்து ஓட்டினால் போதும். அதற்கும் முந்திய ஒரு படியை உங்கள் கடிதத்தில் நான் காணவில்லை. ஏபிஐ தந்த பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல், எடுத்த திகதியோடு ஒரு ஜேசன் கோப்பாக (ஏபிஐ பதில் தரும் எழுத்து வடிவமே ஜேசன்) முதலில் வட்டில் எழுதுங்கள். தரவுத்தளம் அந்தக் கோப்பிலிருந்து நிரம்பட்டும். நாளை உங்கள் கணக்கில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால், கடந்த மாதத்தின் கிளாஸ்ரூம் எப்படி இருந்தது என்று கிளாஸ்ரூமிடம் கேட்க முடியாது. அந்தக் கோப்புகளிடம் கேட்கலாம். ஓர் ஒப்படையை ஆசிரியர் அழித்தாலோ ஒரு மாணவரை வகுப்பிலிருந்து நீக்கினாலோ, 'அழிக்கப்பட்டது' என்ற செய்தி வழக்கமாக எடுக்கும் பட்டியலில் வராது. அது பட்டியலில் இல்லாமற் போகும், அவ்வளவுதான். உங்கள் அட்டவணையில் 'கடைசியாகக் கண்ட நாள்' என்று ஒரு நெடுவரிசையை வைத்துக்கொண்டால் இது பிடிபடும்.

இரண்டாவது கேள்வியே முக்கியமானது. ஒவ்வொரு மாணவரின் ஒப்படைப்புக்கும் ஒரு நிலை உண்டு. மாணவர் இன்னும் தொட்டுப் பாராதது 'நியூ', தொடங்கப்பட்டது 'கிரியேட்டட்', ஆசிரியரிடம் கொடுக்கப்பட்டது 'டேர்ன்ட் இன்', ஆசிரியர் திருப்பித் தந்தது 'ரிட்டேர்ன்ட்', கொடுத்ததை மாணவரே மீளப் பெற்றுக்கொண்டது 'ரீக்ளெய்ம்ட்'. நீங்கள் 'டேர்ன்ட் இன்' என்பதை மட்டும் எண்ணியிருப்பதாக ஊகிக்கிறேன். அப்படியானால் திருத்தித் திருப்பித் தரப்பட்ட எல்லாமே உங்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அதாவது ஆசிரியர் எவ்வளவு சுறுசுறுப்பாகத் திருத்துகிறாரோ அவ்வளவுக்கு அவரது வகுப்பு மோசமாகத் தெரியும். 'ரிட்டேர்ன்ட்' என்பதையும் சேர்த்து எண்ணினால் சரியாகும் என்று நினைப்பீர்கள், அதுவும் சரியாகாது. மாணவர் இணையத்தில் எதுவும் கொடுக்காமலே ஆசிரியர் புள்ளியிட்டுத் திருப்பித் தரலாம். வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதுவும் அப்பாவோடு வயலுக்குப் போய்விடுகிறது என்ற நிலையில் உள்ள பிள்ளை, கொப்பியில் எழுதி மறுநாள் கையில் கொடுக்கிறது. ஆசிரியர் அதைத் திருத்திப் புள்ளியைக் கிளாஸ்ரூமில் பதிகிறார். அப்போது நிலை 'ரிட்டேர்ன்ட்'; ஆனால் இணையத்தில் ஒப்படைத்த வரலாறு இல்லை.

இந்த வேறுபாட்டை அறிய 'சப்மிஷன் ஹிஸ்டரி' என்ற புலத்தைப் பாருங்கள். நிலை மாறிய ஒவ்வொரு தடவையும், புள்ளி மாறிய ஒவ்வொரு தடவையும் அங்கே பதிவாகும். வரலாற்றில் 'டேர்ன்ட் இன்' இருந்தால் இணையத்தில் கொடுத்தவர். அது இல்லாமல் புள்ளி மட்டும் இருந்தால் பெரும்பாலும் கொப்பியில் கொடுத்தவர். இரண்டும் இல்லாவிட்டால் இன்னும் தராதவர். மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளாகவே வையுங்கள். அவற்றை ஒன்றாக்கி ஒரே வீதமாகத் தருவது உங்கள் வேலையல்ல. எதை எப்படிச் சேர்ப்பது என்பதை அந்த ஆசிரியர்களோடு இருந்து பேசி முடிவுசெய்யுங்கள். புள்ளிகளிலும் இரண்டு வகை உண்டு. ஆசிரியர் இட்டுவிட்டு இன்னும் திருப்பித் தராதது 'டிராஃப்ட் கிரேட்', திருப்பித் தந்ததும் நிலைப்பது 'அசைன்ட் கிரேட்'. முன்னையது மாணவருக்குத் தெரியாதது; பெற்றோருக்கு அனுப்பும் அறிக்கையில் அது தவறுதலாக ஏறிவிடக்கூடாது.

'பிந்தியது' என்ற புலம் உண்மையாக இருக்கும்போது மட்டுமே வரும். அது இல்லாவிட்டால் 'தெரியாது' என்று எண்ணாதீர்கள், 'பிந்தவில்லை' என்றே பொருள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளின் பெயர், மின்னஞ்சல், புள்ளி எல்லாம் ஒருவருடைய மடிக்கணினியில் சேர்கின்றன என்று கேள்விப்படுகிறோம். இது முறையா?
(ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: கேட்கவேண்டிய கேள்வி, அம்மா. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. பிள்ளைகளைப் பற்றிய தரவை அது விசேட வகையாகக் கருதுகிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நடைமுறையில் நீங்கள் அவர்களிடம் மூன்றைக் கேட்கலாம். எதற்காகச் சேர்க்கிறார்கள் என்பதை எழுத்தில் தந்து உங்கள் ஒப்புதலைப் பெற்றார்களா? பிள்ளையின் மின்னஞ்சல் முகவரி அவர்களுக்கு உண்மையில் தேவையா? ஏபிஐயில் மின்னஞ்சலுக்குத் தனி அனுமதி உண்டு, அதைக் கேட்காமல் விட்டால் அந்தப் புலம் வராது, மற்ற எல்லாம் ஒழுங்காக நடக்கும். தவணையும் பரீட்சையும் முடிந்தபின் எப்போது அழிப்பார்கள்?

இந்தப் பகுதியை வாசிக்கும் நிரலெழுதுவோருக்கும் ஒன்று. பெயர்களை ஓர் அட்டவணையிலும் புள்ளிகளை இன்னொன்றிலும் வைத்து அடையாள எண்ணால் மட்டும் இணையுங்கள். டோக்கன் கோப்பை வட்ஸ்அப் குழுவில் 'யாராவது ஓட்டிப் பாருங்கள்' என்று அனுப்பியதாக ஒரு கடிதத்தில் வாசித்தேன். அந்தக் கோப்பு கையில் உள்ளவர் யாராயினும் அத்தனை வகுப்புகளையும் கடவுச்சொல் இல்லாமலே பார்க்கலாம். உடனே கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குச் சென்று அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். பிறகு புதிதாக உள்நுழையுங்கள்.

கேள்வி: சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணைக் கோப்பு) எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. மேலும் வெவ்வேறு மாணவர்களுக்கு ஒரே அடையாள எண் வந்திருக்கிறது.
(அலுவலக உதவியாளர், முழங்காவில்)

பதில்: பெயர்கள் கெடவில்லை. கோப்பு யூடிஎஃப் 8 என்ற குறிமுறையில் உள்ளது என்பதை எக்செல் ஊகிக்கவில்லை. பைதானில் எழுதும்போது குறிமுறையை 'யூடிஎஃப் 8 சிக்' என்று கொடுத்தால் கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேரும். எக்செல் அதைக் கண்டு சரியாகத் திறக்கும்.

அடையாள எண்ணின் கதை உண்மையிலேயே கேடானது. கூகிள் பயனர் எண் வழக்கமாக 21 இலக்கம் கொண்டது; எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காத்து, மிகுதியைப் பூச்சியமாக்கிவிடும். அதோடு அதை 1.08E+20 என்பது போலச் சுருக்கியும் காட்டும்; அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் முதல் சில இலக்கங்கள் ஒத்திருக்கும் பலர் ஒருவராகிவிடுவார்கள். இப்படித் திறந்த கோப்பைச் சேமித்திருந்தால் அதை மீட்க முடியாது, மூலத்திலிருந்து மீண்டும் எடுக்கவேண்டும். அடையாள எண்ணை எங்கும் எண்ணாகக் கருதாமல் எழுத்துத் தொடராகவே வையுங்கள். எக்செலில் இறக்கும்போது அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று தெரிவுசெய்த பின்னரே ஏற்றுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு வகுப்பு, 38 பிள்ளைகள். நானும் இதையெல்லாம் கற்கவேண்டுமா?
(ஆசிரியர், ஓமந்தை)

பதில்: வேண்டியதில்லை. கணினியில் கிளாஸ்ரூமைத் திறந்து, புள்ளிகள் உள்ள பக்கத்தின் அமைப்புகளில் எல்லாப் புள்ளிகளையும் கூகிள் ஷீட்ஸுக்குப் பிரதிசெய்யும் தெரிவை அழுத்துங்கள். மாதத்துக்கு இரண்டு தடவை அதைச் செய்தால் உங்களுக்குப் போதும். மூன்றாவது வகுப்பு தொடங்கினால் எழுதுங்கள்.